ஹிப்பிகள் விட்டுச்சென்ற வாக்குரிமை

அன்புள்ள ஆசிரியருக்கு,

1960-களின் அமெரிக்க இளைஞர்கள் என்றாலே நமக்கு நீள முடி, கிட்டார், கஞ்சாப் புகைதான் ஞாபகம் வருகிறது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்போது 18 வயதுப் பையனை வியட்நாம் போருக்குக் கட்டாயமாக அனுப்பலாம். ஆனால் ஓட்டுப் போட, பெரும்பாலான மாநிலங்களில், அவனுக்கு 21 வயதாக வேண்டும். என்ன நியாயம் இது? அதைத்தான் அவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். 1970 மே 4 அன்று ஓஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்த போர் எதிர்ப்புப் போராட்டத்தில் தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அவர்களில் இருவர் போராட்டத்தில் கலந்துகொள்ளவே இல்லை.

அடுத்த ஆண்டே 26-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, வாக்களிக்கும் வயது 18 ஆனது. 1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பும் நின்றது. சரி, கஞ்சாவும் இருந்தது; மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு மாற்றங்களையும் சொல்லாமல் அவர்கள் கதையைச் சொல்லாதீர்கள்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்