இன்ஜினியருக்கு, இரண்டு வருஷம் கழித்து

டேய் இன்ஜினியர்,

அம்மா எப்படி இருக்கிறார்கள்? முதலில் இதைக் கேட்டுவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நாளைக்கு டிசம்பர் 4. ஃப்ளைட் சிமுலேட்டருக்காக நாம் செய்துகொண்டிருந்த கேட்டலினாவை, அந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கடல் விமானத்தை, நாளைக்கு வெளியிடுகிறேன். தேதியைப் பார்த்தால் வேண்டுமென்றே வைத்திருக்கிறான் என்று நினைப்பாய். ஆமாம், வேண்டுமென்றேதான். இலவசமாகத்தான் கொடுக்கிறேன். விலை வைப்பது பற்றி நமக்குள் நடந்த பேச்சை இங்கே எழுதப் போவதில்லை, நம் குரூப் ஆட்களில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது போதும். கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் காட்டுகிறேன், கேட்டால்.

நீ பார்க்காததை மட்டும் சொல்கிறேன். இறக்கையைத் திரும்பச் செய்தேன். பின் ஸ்பாருக்கு, அதாவது இறக்கையின் பின்பக்க உத்திரத்துக்கு, பின்னால் இருப்பது தகரம் இல்லை, துணி என்று நீ ஒரு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தாயே, அதுதான். 31.7 மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு விலா எலும்புக்கும் நடுவில் துணி லேசாகத் தொய்ந்திருக்க வேண்டும், மேடுபள்ளம் காட்டுகிற நார்மல் மேப் படத்தில் கொஞ்சம் அழுத்தினால் ஈரத் துண்டு காயப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறது, குறைத்தால் மறுபடியும் தகரம். நாலு தடவை அழித்துவிட்டு ஐந்தாவதில் வந்தது. பக்கவாட்டில் புடைத்திருக்கிற பிளிஸ்டர் கண்ணாடி இப்போது மேலே சுருண்டு திறக்கிறது. பெயின்ட் விஷயத்தில் மட்டும் நீ சொன்னதைக் கேட்கவில்லை. உனக்குக் கனடா பைலட் பிர்ச்சால் ஓட்டிய விமானம் வேண்டும், 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கைக்குத் தெற்கே ஜப்பான் கப்பல்களைப் பார்த்து, வயர்லெஸ்ஸில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு விழுந்தது. எனக்கு நம்ம ஊர் விமானம் வேண்டும். போரின்போது செங்குன்றத்தில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆவது ஸ்குவாட்ரன் பெயின்ட்தான் போட்டிருக்கிறேன், நடுவில் சிவப்பு இல்லாத வட்ட அடையாளத்தோடு. சிவப்பு இருந்தால் ஜப்பான்காரன் விமானம் என்று நம் ஆட்களே சுட்டுவிடுவார்கள் என்று எடுத்தார்கள் இல்லையா, அதை யாராவது பிழை என்று கமென்ட் போடுவார்கள், நீ இருந்தால் பதில் சொல்லியிருப்பாய்.

பைலானுக்குள்ளே, இறக்கையைத் தாங்குகிற தூணுக்குள்ளே, மூன்று மாதம் வேலையாக இருந்தேன். யாரும் அங்கே கேமராவைக் கொண்டுபோகப் போவதில்லை, தெரியும். ஆனாலும் உன் இருக்கை. ஒவ்வொரு டயலுக்கும் எழுத்து போட்டேன், பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸ்சர் லிவர் தேய்ந்த இடத்தில் பித்தளை தெரிகிற மாதிரி செய்தேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரே ஒரு வரி: கேட்டலினாவில் ஃப்ளைட் இன்ஜினியர் அந்தத் தூணுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பார், பைலட்டை அவரால் பார்க்க முடியாது; ஃப்ளோட்டை (இறக்கை நுனி மிதவையை) இறக்கு, மிக்ஸ்சரைக் கூட்டு என்பதையெல்லாம் பைலட் சுவிட்ச் போட்டால் அவர் முன்னால் விளக்கு எரியும். பள்ளிக்கரணையில் உன் வீட்டு முன்னறையில் நான் ஓட்ட, நீ திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு "பேசாதே, விளக்கு மட்டும் போடு" என்பாய். அம்மா நடுவில் வந்து நின்று, இந்த ரெண்டு கழுதைகளும் சண்டை போட்டுக்கொண்டார்களா என்று கேட்பார்கள்.

சரி, அந்த போன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த வெள்ளம். டிசம்பர் 5, காலை. பெரம்பூரில் எங்களுக்கும் இரண்டு நாளாகக் கரன்ட் இல்லை. போனில் நாலு சதவீதம். மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினால் எங்கேயாவது ஒரு புள்ளி சிக்னல் வரும். வந்தது. நீ எடுத்தாய். பின்னாலிருந்து ஏதோ சத்தம், தண்ணீர்ச் சத்தம், யாரோ "தம்பி, இந்தப் பக்கம் பிடி" என்றார்கள். நான் கேட்டது: "டேய், ஹார்ட் டிஸ்க் பத்திரமா?"

நீ ஒரு நொடி பேசவில்லை. அப்புறம் "குக்கர்ல போட்டு பரண்ல வச்சிருக்கேன்" என்றாய். காஸ்கெட் போட்டு மூடினாயா என்று கேட்டேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரித்தேன். போன் கட் ஆனது. சார்ஜ் போனதால் கட் ஆனது என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ முதல் மாடிக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன். அம்மாவை அக்கா வீட்டில் முன்னாடியே விட்டிருப்பாய் என்று நினைத்தேன். ஆறு வருஷத்து வேலை அந்த ஒரு டிஸ்க்கில் இருந்தது, வேறு காப்பி கிடையாது, நான் அடிக்கடி ஃபார்மட் பண்ணிவிடுகிறேன் என்று உன் வீட்டிலேயே வைக்கச் சொன்னதும் நீதான். இதெல்லாம் உண்மை. எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பதும் தெரிகிறது, ஆனாலும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன், பார்.

பத்து நாள் கழித்து டிஸ்க்கை மஞ்சள் பையில் சுற்றி அக்கா பையனிடம் கொடுத்தனுப்பினாய். அவன்தான் சொன்னான். மீனவர்கள் கொண்டுவந்த படகில் நீ இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அம்மாவைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் என் போன் வந்ததாம், மாத்திரைக் கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு எடுத்தாயாம். அந்த போனை ஏன்டா எடுத்தாய்? யாருடைய போனையும் எடுக்காதவன். நான் ஏதோ உதவிக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாயோ? அப்படியென்றால் சொல்லாதே, எனக்குத் தெரிய வேண்டாம்.

மன்னிப்பு அப்போதே கேட்டிருப்பேன். வாசல் வரை வந்திருப்பேன். ஆனால் அதே வாரம் டிரைவில் பார்த்தால் ஃப்ளைட் மாடல் ஃபோல்டரே இல்லை, விமானம் எப்படிப் பறக்க வேண்டும் என்று நீ எழுதியதெல்லாம் அதில்தான் இருந்தது. ஒரு வார்த்தை கிடையாது. ஒரு திட்டு கிடையாது. திட்டியிருந்தால் நான் ஒழிந்தேன் என்று காலில் விழுந்திருப்பேன், அதற்கும் வழி வைக்கவில்லை நீ. குரூப்பில் மூன்று பேருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. எப்போதும் இப்படித்தான் நீ, விளக்கை மட்டும் அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாய், கீழே இருக்கிறவன் இன்ஜின் நின்றுவிட்டதா, ஆள் போய்விட்டானா என்று தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

நீ ஃபைலை எடுத்ததும் என் கேட்டலினா தண்ணீரில் நிற்கக்கூட இல்லை. ஏரியில் இறக்கிவைத்தால் மூக்கு குத்தி முங்கும். விமானம் தண்ணீரைத் தொடுகிற கான்டாக்ட் பாயின்ட் எல்லாம் நானே ஒவ்வொன்றாக எழுதினேன், ஹல்லுக்கு, அதாவது படகு மாதிரியான அடி உடலுக்கு, நாலாம் நம்பர் வகை. மிதந்தது. வேகம் எடுத்தால் டால்ஃபின் மாதிரி துள்ளியது, மூன்றாவது துள்ளலில் கவிழ்ந்தது. ஒரு மாதம் துள்ளியது. அப்போதுதான் புழல் ஏரிக்கரை ஞாபகம் வந்தது. காவலாளி போட்டோ எடுக்கக்கூடாது என்று துரத்துவதற்கு முன்னால், நீ ஒரு தட்டைக் கல்லைத் தண்ணீர்மேல் தத்தவிட்டுக் காட்டினாய். ஹல்லுக்கு அடியில் அந்தப் படி எதற்கு என்று நான் கேட்டதற்குப் பதில் அது. படி இல்லையென்றால் தண்ணீர் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு விடவே விடாது, படியில் தண்ணீர் உடைந்து பிரிந்தால்தான் அந்த ஒரு படிமேல் வழுக்கிக்கொண்டு ஓடி எழும்ப முடியும். கல் ஐந்து தடவை தத்தியது, நீ எட்டு என்றாய். பாயின்ட்களைப் படிக்குப் பக்கத்தில் நெருக்கினேன், பின்னால் இருப்பதைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். எழும்பிவிட்டது. ராத்திரி ரெண்டு மணி. போனை எடுத்து உன் நம்பர் வரைக்கும் போய்விட்டு வைத்துவிட்டேன்.

உன்னுடையது மாதிரி இல்லை. உன்னுடையதில் தண்ணீரிலிருந்து பிரிகிற அந்த நொடியில் ஸ்டிக் லேசாகிவிடும், இதில் இல்லை. ஃப்ளாப் இல்லாத விமானம், அது எப்படி இறங்கி வந்து ஏரியில் உட்கார வேண்டும் என்று உன் கைக்குத்தான் தெரியும். உன் ஃபைலைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. அது உன்னுடையது.

பெர்த் பயணத்தையும் தொடவில்லை. இலங்கையில் கொக்கலாவில் கிளம்பி, போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமானக் கம்பெனி ஆட்கள் போன மாதிரியே வேகத்தைக் கூட்டாமல், 28 மணி நேரமோ 30 மணி நேரமோ, இரண்டு சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்குவது என்று பேசி வைத்திருந்தோமே. மாற்றி மாற்றித் தூங்கலாம், அம்மா ஃபிளாஸ்க்கில் காபி போட்டுத் தருவார்கள் என்றாய். தனியாக ஓட்ட முடியும், ஆட்டோபைலட் இருக்கிறது. ஓட்டவில்லை, அவ்வளவுதான்.

கூடவே கொடுக்கிற ரீட்மீ குறிப்பில் உன் பெயர் முதலில் இருக்கிறது. வேண்டாம் என்றால் ராத்திரிக்குள் சொல், எடுத்துவிடுகிறேன். சொல்லாவிட்டால் அப்படியே போகும்.

அப்புறம், இடது ஃப்ளோட் மேலே மடங்கும்போது இறக்கை நுனியில் இன்னும் ஒரு விரல்கடை இடைவெளி விடுகிறது. அசைவைக் குறிக்கிற எல்லா கீஃப்ரேமும் பார்த்துவிட்டேன், வலதில் சரியாக இருக்கிறது. நீ ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும்.