சொல்யூஷன் டப்பாவும் பேத்தியின் பாயும்

ஆம்பூர்
ஞாயிறு இரவு

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை அம்மா பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள். பையின் ஓர மடிப்பு சுத்தமாக வந்திருக்கிறது. என் கண் போனது வேறு இடத்துக்கு. மேசையில் மூடாத சொல்யூஷன் (ஒட்டுப் பசை) டப்பா, சாத்திய ஜன்னல், ஓடுகிற ஏசி, பின்னால் தரையில் பாய் போட்டுத் தூங்கும் பேத்தி. போனில் சொன்னால் "ஆரம்பிச்சுட்டீங்களாப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளியே தள்ளுவதில்லை. சொல்யூஷனிலிருந்து கிளம்பும் ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். டப்பாவிலிருந்து வழிந்து தரைக்குத்தான் இறங்கும். நீ ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாய், பாயில் கிடப்பவள் அவள். வாடையே இல்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். கால் மணி நேரம் தெருவில் நின்றுவிட்டு உள்ளே வந்து பார், தெரியும்.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு ஐப்பசி அடைமழை. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்கு எடுத்து வந்து வீட்டிலேயே சோல் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஈரக்காற்று பட்டால் ஒட்டு சரியாகப் பிடிக்காது என்று கதவைச் சாத்தியிருந்தேன். "அப்பா, தலை சுத்துது" என்றாய். "கணக்குப் போடச் சொன்னா சுத்தத்தான் செய்யும்" என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். உனக்கு நினைவிருக்காது.

அடுத்த வருடம் என் கால் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ஒருநாள் டீக்கடை வரை போய்விட்டேன், பையன் ஒருத்தன் பின்னாலேயே ஓடிவந்து என் இடது கால் செருப்பைக் கொடுத்தான். செருப்பு செய்கிறவனுக்குச் செருப்பு கழன்றது தெரியவில்லை. கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேலூரில் பார்த்த டாக்டர் காலைத் தொடுவதற்கு முன் என்ன வேலை என்று கேட்டார். சொல்யூஷனில் பசையைக் கரைத்து வைத்திருக்கும் ஹெக்ஸேன் என்ற திரவம் உடம்புக்குள் போய் வேறொன்றாக மாறி நரம்பைத் தின்கிறது என்றார். ஒட்டுவதை நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் இரண்டு மாதம் மரப்பு கூடிக்கொண்டே போனது. டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அம்மாவிடம் கத்தினேன். இந்த நோயின் போக்கே அப்படித்தானாம். ஒன்றரை வருடம் கழித்துத்தான் தரையின் சில்லிப்பு தெரிந்தது.

அவர் சொன்ன ஜப்பான் கதையை உனக்கும் சொல்ல வேண்டும். 1950களில் அங்கே பெண்கள் வீட்டில் உட்கார்ந்து சாண்டல் ஒட்டினார்கள், நம்மைப் போலவே. பசையைக் கரைக்கப் பென்சீன் என்ற திரவம். எலும்பு மஜ்ஜை கெட்டு, ரத்தம் ஊறாமல் சிலர் செத்தே போனார்கள். 1959ல் பென்சீன் கலந்த ரப்பர் பசையை அரசு தடை செய்தது. அதன் இடத்தில் வந்தது ஹெக்ஸேன். 1960களில் அதே சாண்டல் வேலைக்காரர்களுக்குக் கை கால் மரத்தது. பேயை விரட்டிவிட்டுப் பிசாசைக் கூட்டி வந்தார்கள். அதனால் 'பென்சீன் இல்லை' என்று டப்பாவில் போட்டிருந்தால் அதோடு விட்டுவிடாதே, வேறு என்ன இருக்கிறது என்று படி. டொலுவீன் என்று இருந்தால், அதுவும் இதே மாதிரி ஒரு திரவம்தான், மூளையைப் பிடிக்கும். சாயங்காலமானால் உனக்குத் தலை வலிக்கிறதாமே? வெயில் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. டொலுவீன் ஆவி தீப்பிடிக்க 4 டிகிரி வெப்பம் போதும், சென்னையில் அது எந்நேரமும் தயார்தான். பக்கத்து அறையில் அம்மா கொடுத்த காமாட்சி விளக்கைத் தரையோடு வைத்து ஏற்றுகிறாய்.

வேலையை விடச் சொல்லவில்லை. பால்கனிக்கு மாற்று. காற்று உன் முதுகுப் பக்கமிருந்து வந்து மேசையைத் தாண்டி வெளியே போகிற மாதிரி உட்கார். டப்பாவைத் திறந்து வைக்காதே, வேண்டிய அளவு சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள். பசை துடைத்த துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போடு. துணி மாஸ்க் தூசிக்குத்தான், ஆவியை நிறுத்தாது. கரி அடைத்த மாஸ்க் இருக்கிறது, அதிலும் கரி தீர்ந்துபோகும், மாற்ற வேண்டும். கையில் ஒட்டியதைத் தின்னர் போட்டுக் கழுவாதே, தேங்காய் எண்ணெயும் சோப்பும் போதும்.

தண்ணீர்ப் பசையை நான் எவ்வளவு கேலி செய்தவன் என்று உனக்குத் தெரியும். காய நேரமாகும், உண்மைதான். ஆனால் செருப்பின் அடிப்பாகத்துக்கு வருகிற மாதிரி இழுவை பைக்கு வரப்போவதில்லை. ஓரத்தில் தையலும் போடுகிறாய். ஒரு பையில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்.

பால்கனியின் நீள அகலத்தை அளந்து மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பு. மடக்கு மேசை ஒன்று செய்து எடுத்து வருகிறேன். அதுவரை பேத்தியை அந்த அறையில் தூங்க வைக்காதே.

அப்பா