ஜெயித்த பக்கத்திலிருந்து ஒரு புகார்: பொங்கல் கால்பந்துக் கமிட்டிக்குத் திறந்த மடல்

அன்புள்ள கமிட்டியாருக்கு,

வணக்கம். ஆற்றுத் திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் கடலூரில் நீங்கள் நடத்திய ஃபைனலைப் பற்றித்தான் இந்த மடல். ஒன்றுக்கு சைபர் என்று எக்ஸ்ட்ரா டைமில் (ஆட்டம் சமன் ஆனால் ஆடும் கூடுதல் நேரத்தில்) ஜெயித்த அணியின் ரசிகன் நான். கோப்பை எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. மேளம் அடித்தாயிற்று, பட்டாசு வெடித்தாயிற்று, பிரியாணியும் ஆயிற்று. அப்புறம் எதற்கு மடல் என்று கேட்பீர்கள். தோற்ற பக்கத்திலிருந்து யாராவது எழுதினால் "தோத்த கடுப்புல பேசுறான்" என்று தள்ளிவிடுவீர்கள். ஜெயித்தவன் எழுதினால் கொஞ்சமாவது காதில் ஏறும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. நம் ஊரில் கிரிக்கெட்டுக்கு ஆள் தானாகச் சேரும், ஸ்பான்சரும் கிடைக்கும். கால்பந்துக்கு, அதிலும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் இல்லாமல் பதினோரு பேர் ஆடும் போட்டிக்கு, ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு போட்டீர்கள். ஃபைனலில் எங்களை எதிர்த்து ஆடிய, புதுச்சேரி பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த பையன்களுக்குத் திரும்பிப் போக வேன் பிடித்துக் கொடுத்தீர்கள். அதெல்லாம் பார்த்தோம். நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நோட்டீசில் ஃபைனல் மாலை 3.30 மணிக்கு என்று போட்டிருந்தது. இரண்டு அணியும் மூன்று மணிக்கே வந்து பூட்ஸ் கட்டி, ஓடி, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நின்றார்கள். சாமியானாவுக்குக் கீழே நாற்காலிகள்தான் காலியாக இருந்தன. சிறப்பு விருந்தினர் சில்வர் பீச் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார் என்று மைக்கில் சொன்னீர்கள். பொங்கல் வாரத்தில் தேவனாம்பட்டினம் ரோட்டில் வண்டி நகராது என்பது கடலூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் வந்தார். சால்வை போட்டீர்கள். அவருக்குப் பின்னால் வந்தவருக்கும், அவருக்கும் பின்னால் வந்தவருக்கும் போட்டீர்கள். விளையாட்டு உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று, விளையாட நின்றுகொண்டிருந்த இருபத்திரண்டு பேருக்கும் ஒருவர் விளக்கினார். பிறகு விருந்தினர் பந்தை உதைத்துத் தொடங்கிவைத்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று மறுபடி உதைத்தார். ரெஃப்ரியின் உண்மையான விசில் ஊதும்போது மணி 4.50.

தை மாதத்தில் இங்கே ஆறு மணி தாண்டியதும் சூரியன் அடங்கிவிடும். பாதிக்கு 35 நிமிடம், நடுவில் பத்து நிமிட ஓய்வு என்றால் மொத்தம் 80. சொன்னபடி மூன்றரைக்கு ஆரம்பித்திருந்தால் ஐந்து மணிக்குள் முடிந்திருக்கும். சமனில் நின்று எக்ஸ்ட்ரா டைம் ஆடினாலும் ஐந்தரைக்கு நல்ல வெளிச்சத்திலேயே கோப்பையைக் கொடுத்திருக்கலாம். நடந்தது என்ன? முழு நேரம் முடியும்போதே பந்து ஆகாயத்தில் போனால் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் பாதி சுமார். இரண்டாம் பாதியில் அவர்களுடைய கோல்கீப்பர் எங்கள் ஸ்ட்ரைக்கர் அடித்த இரண்டு பந்துகளை விரல் நுனியில் தட்டிவிட்டார். எங்கள் ஸ்டாப்பர் (தடுப்பு ஆட்டக்காரர்) ஒருமுறை கோட்டில் விழுந்து காப்பாற்றினார். அந்தத் தம்பி அன்று விடியற்காலையில் கடலுக்குப் போய், வலையைக் கரை சேர்த்துவிட்டு, ஆட்டத்துக்கு வந்தவர். எழுபதாவது நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தூக்கி நிறுத்தி, காலை மடக்கி நீட்டி, எலுமிச்சை உப்புத் தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்பினார்கள்.

சைபருக்கு சைபர். அப்போது உங்கள் மேசையிலிருந்து ஒருவர் வந்து, "டைம் இல்லப்பா, நேரா பெனால்ட்டி போயிடலாம்" என்றார். அதாவது கோல்கீப்பரை மட்டும் எதிரே நிறுத்தி, மாறி மாறி உதைத்து முடிவு செய்வது. இரண்டு கேப்டன்களும் முடியாது என்றார்கள். அந்த இடத்தில் எனக்கு இரண்டு பேர் மேலும் மரியாதை வந்தது. நோட்டீசில் சமன் ஆனால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. ஆளுக்கு ஒரு சட்டம் பேசினீர்கள். முழு முப்பது நிமிடம் ஆடாவிட்டால் எக்ஸ்ட்ரா டைமே செல்லாது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அது தவறு. கால்பந்துச் சட்டப் புத்தகத்தில், எக்ஸ்ட்ரா டைம் இரண்டு சமமான பகுதிகளாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்றுதான் இருக்கிறது. பத்துப் பத்து வைக்கலாம். ஐந்து ஐந்துகூட வைக்கலாம். நடுவில் தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் விடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. போட்டி தொடங்கும் முன்பே அதை எழுதிவைக்க வேண்டியது நடத்துகிறவர்கள் பொறுப்பு.

பெனால்ட்டியை நான் மட்டமாகப் பேசவில்லை. அது வருவதற்கு முன்னால் காசைச் சுண்டிவிட்டு முடிவு செய்தார்கள். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் எக்ஸ்ட்ரா டைமுக்குப் பிறகும் கோல் இல்லாமல் நிற்க, நேப்பிள்ஸில் காசு சுண்டித்தான் இத்தாலியை ஃபைனலுக்கு அனுப்பினார்கள். அதோடு ஒப்பிட்டால் பெனால்ட்டி எவ்வளவோ மேல். ஆனால் எக்ஸ்ட்ரா டைமில் பதினோரு பேரும் ஆடுகிறார்கள். கால் ஓய்ந்தபிறகு யார் யாருக்காக ஓடுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். 2010-ல் ஸ்பெயினின் இனியெஸ்டா அடித்தது 116-வது நிமிடம். 2014-ல் மாற்று ஆட்டக்காரராக வந்த ஜெர்மனியின் மாரியோ கோட்ஸே நெஞ்சில் வாங்கி இடது காலால் தட்டிவிட்டது 113-வது நிமிடம். இரண்டும் உலகக் கோப்பை ஃபைனல், இரண்டும் ஒன்றுக்கு சைபர். நேரம் ஆகிவிட்டது என்று அங்கே யாராவது கிளம்பியிருந்தால் அந்த இரண்டு கோலும் இல்லை.

கடைசியில் பத்துப் பத்து என்று ஒத்துக்கொண்டீர்கள். மணி 6.20 தாண்டிவிட்டது. ஓரத்தில் நின்ற பையன்களிடம் வண்டிகளைத் திருப்பி ஹெட்லைட் போடச் சொன்னீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் நீளமான நிழல் விழுந்தது, பந்துக்கும் விழுந்தது. எது பந்து, எது நிழல் என்று தெரியாமல் ஒரு பையன் வெறும் மண்ணை உதைத்தான். கூட்டம் சிரித்தது. அவனுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. கபடிக்கும் வாலிபாலுக்கும் "மின்னொளிப் போட்டி" என்று போட்டு, கம்பம் நட்டு விளக்குக் கட்டி நடத்துகிற ஊர் இது. வேண்டுமென்றால் அப்படி நடத்தலாம். இது இரண்டும் கெட்டான்.

இப்போது அந்தக் கோலுக்கு வருகிறேன். இரண்டாவது பத்து நிமிடத்தின் கடைசி. மேற்குப் பக்கத்து கோல், கார்னர் கொடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு த்ரோ. எங்கள் பையன் நீளமாக எறிந்தான். முதல் போஸ்டில் ஒருவன் தலையால் பின்னுக்குத் தட்ட, நடுவில் இருந்தவன் காலை வைத்தான். டங் என்று ஒரு சத்தம். மேல் கம்பியின் அடியில் பட்டுப் பந்து கீழே இறங்கியது. எங்கே இறங்கியது என்பதுதான் கேள்வி. கோல் வாயில் முதல் நாள் காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு, நான்கு நாள் ஆட்டத்தில் பூட்ஸ் பட்டுப் பட்டு மண்ணோடு மண்ணாகியிருந்தது. அவர்கள் டிஃபெண்டர் வெளியே உதைத்துவிட்டான். லைன்ஸ்மேன் பின்தங்கி நின்றார். ரெஃப்ரி ஒரு கணம் அவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். அப்புறம் விசில். கை நடுக்கோட்டைக் காட்டியது.

நாங்கள் உள்ளே ஓடினோம். நானும் ஓடினேன். தொண்டை கட்டும் வரை கத்தினேன். அந்த ஐந்து நிமிடத்தை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எத்தனை பொங்கலாக அரையிறுதியோடு திரும்பிய அணி எங்களுடையது!

கூட்டம் கலையும்போது வேனுக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்றார். தலையில் பிரான்சு அணியின் நீலத் தொப்பி. புதுச்சேரிப் பக்கம் அது அதிசயமில்லை. மகன் பிரான்சில் இருக்கிறாராம். நான் ஆறுதலுக்காக, "நல்ல ஆட்டம்யா, கடைசில மாட்டிக்கிச்சு" என்றேன். அவர் கோபப்படவே இல்லை.

"கோலுன்னா கோலுதான் தம்பி. தொண்ணூத்தெட்டுல பராகுவேகூட ஆடினப்போ ப்ளாங் அடிச்சாரே, அத எங்க ஊர்ல டிவியில பாத்தவன் நான். எக்ஸ்ட்ரா டைம்ல ஒரு கோலு, ஆட்டம் அதோட முடிஞ்சிபோச்சி. பராகுவேக்காரன் தரையில படுத்து அழுதான். ஆனா அவன் கோல பாத்துட்டு அழுதான். நீ இன்னிக்கு பாத்தியா, உள்ள போச்சா?"

நான் நின்றது எதிர்ப்பக்க கோலுக்குப் பின்னால். "ரெஃப்ரி குடுத்தாருங்கய்யா" என்றேன். "அத நானும் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

அவர் சொன்ன அந்த ஆட்டம் 1998 ஜூனில் லான்ஸ் நகரில் நடந்தது. எக்ஸ்ட்ரா டைமில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும் 'கோல்டன் கோல்' விதி அப்போது நடப்பில் இருந்தது. உலகக் கோப்பையில் அந்த விதிப்படி விழுந்த முதல் கோல் பிரான்சின் லோரான் ப்ளாங் அடித்ததுதான். பின்னால் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

என் தலைக்குள் அன்று ராத்திரி ஓடியது இன்னும் பழைய ஆட்டம். 1966 ஃபைனல், லண்டன் வெம்ப்ளி. இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் 2-2. எக்ஸ்ட்ரா டைமின் முதல் பகுதியில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல் கம்பியின் அடியில் பட்டுக் கீழே விழுந்து வெளியே வந்தது. அப்படியே நம்ம கோல்! சுவிட்சர்லாந்து ரெஃப்ரி லைன்ஸ்மேனிடம் ஓடினார். லைன்ஸ்மேன் அன்று சோவியத் யூனியனில் இருந்த அஜர்பைஜானைச் சேர்ந்த தோஃபிக் பஹ்ராமோவ். அவர் கோல் என்றார். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல், ஓரம் கொஞ்சம் கோட்டின் மேல் நின்றாலும் இல்லை. அது தாண்டியதா என்று இன்றைக்கும் ஜெர்மனிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆட்டம் மதியம் மூன்று மணிக்குத் தொடங்கியது, கோடை வெளிச்சத்தில். பகலில் விழுந்த கோலுக்கே அறுபது வருடப் பஞ்சாயத்து என்றால், ஸ்ப்ளெண்டர் ஹெட்லைட்டில் விழுந்த எங்கள் கோலுக்கு என்ன மரியாதை இருக்கும்? இப்போதே பாகூர்ப் பக்கம் "இருட்டுக் கோப்பை" என்று பேர் வைத்துவிட்டார்களாம். எங்கள் பையன்கள் வியர்வை சிந்தி வாங்கியது அது. அந்தப் பேர் அவர்களுக்கு வர வேண்டியதில்லை, உங்களால் வந்தது. ரெஃப்ரியை நான் குறை சொல்லவில்லை. அந்த வெளிச்சத்தில் நான் ஊதியிருந்தாலும் குத்துமதிப்பாகத்தான் ஊதியிருப்பேன்.

கோப்பையைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று சொல்ல நான் அவ்வளவு பெரிய மனிதன் இல்லை. கொடுக்கவும் வேண்டாம். அடுத்த பொங்கலுக்கு நோட்டீசு அச்சுக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். பாராட்டு, சால்வை, பேச்சு எல்லாவற்றையும் ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன நேரத்துக்கு விசில் ஊதட்டும். தாமதமாக வருகிறவர் பாதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பரிசு கொடுத்தால் யார் கௌரவமும் குறையாது. சமன் ஆனால் எக்ஸ்ட்ரா டைம் எத்தனை நிமிடம், எத்தனை மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம், அதன்பிறகே பெனால்ட்டி என்பதை நோட்டீசிலேயே போடுங்கள். பிளக்ஸில் முகங்களுக்கு இடையில் அதற்கு இரண்டு வரி இடம் கிடைக்கும். ஹாஃப் டைமில் ஒரு ஆள் வாளியோடு போய் கோல் வாயில் கோட்டை மறுபடி போடட்டும். இதற்கெல்லாம் காசே ஆகாது.

காசு ஆகிற விஷயம் ஒன்று உண்டு, வலை. மேற்குப் பக்க கோலில் வலை பாதிதான் இருந்தது, மீதியைக் கயிற்றால் கட்டியிருந்தீர்கள். அடுத்த வருடம் இரண்டு கோலுக்கும் புது வலை எங்கள் தெருக்காரர்கள் வாங்கித் தருகிறோம். பரிசுத் தொகையில் கொஞ்சம் மீதி இருக்கிறது. முடிச்சுப் போட்டுக் கட்டவும் ஆள் இருக்கிறார்கள், பாதிப் பேர் வலைக்காரர்கள்தானே.

இன்னொன்று. பாகூர்ப் பக்கத்து அணியோடு மாசி மாதத்தில் ஒரு நட்பு ஆட்டம் வைக்க எங்கள் கேப்டன் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. அவர்களுடைய ஃபோன் நம்பர் உங்களிடம்தான் இருக்கிறது. தயவுசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஜெயித்த அணியின் ரசிகன்,
கடலூர்