பனிமூட்டத்தில் கார் விளக்குகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

ஜனவரியில் நீயும் மாப்பிள்ளையும் குருகிராமிலிருந்து ஆக்ராவுக்குக் காரில் போகப்போவதாக அம்மா சொன்னாள். போய் வாருங்கள். ஆனால் யமுனா எக்ஸ்பிரஸ் சாலையின் 165 கிலோமீட்டரும் குளிர்காலத்தில் வேறு மாதிரி இருக்கும். ஊட்டியில் பனிமூட்டம் வரும், பத்து நிமிஷத்தில் விலகும். கங்கைச் சமவெளியில் அப்படி இல்லை. இரவில் தரை குளிர்ந்து, காற்றும் அசையாமல் இருந்தால் பனி தரையோடு படுத்துவிடும். விடியும் நேரத்தில்தான் அது மிக அடர்த்தி. சில நாள் காலை 10, 11 மணிவரை கலையாது. சுற்றிலும் வெள்ளை வெளிச்சம் இருக்கும், முன்னால் போகும் லாரி மட்டும் தெரியாது.

அந்த வெள்ளை வெளிச்சத்தில்தான் உன் கார் உன்னை ஏமாற்றும். ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் இருந்தால் முன்கண்ணாடியில், ரியர் வியூ மிரருக்குப் பக்கத்தில் உள்ள சென்சார் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்றுதான் அளக்கும். எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அதற்குத் தெரியாது. பகல் பனி அதற்கு வெறும் பகல். அதனால் ஹெட்லைட் போடாது, முன்பக்க டி.ஆர்.எல். (பகலில் தானாக எரியும் சிறு விளக்கு) மட்டும் எரியும். பெரும்பாலான கார்களில் டி.ஆர்.எல். எரியும்போது பின்பக்கம் ஒரு விளக்கும் எரியாது. மீட்டர் பகலிலும் பளிச்சென்று எரிவதால், எல்லா விளக்கும் போட்டாகிவிட்டது என்று ஓட்டுபவர் நம்பிவிடுவார். பின்னால் வருபவருக்கோ, உன் வெள்ளைக் கார் பனிக்குள் பனியாகப் போய்விடும். அவர் உன்மேல் மோதும் தூரத்துக்கு வந்த பிறகுதான் பார்ப்பார்.

ஆகவே பனியிலும் கனமழையிலும் 'ஆட்டோ'வை நம்பாதே. ஸ்டியரிங் பக்கத்து லீவரின் முனையைக் கையால் ஹெட்லைட் குறிவரை திருப்பு. பார்க்கிங் லைட் போதாது, ஹெட்லைட்டே போட வேண்டும். அதோடு டெயில் லைட்டும் எரியும். வைப்பர் தொடர்ந்து ஓட வேண்டிய மழை என்றால் ஹெட்லைட்டும் போட வேண்டும் என்று வழக்கமாக்கிக்கொள்.

இதைக் கிளம்புவதற்கு முன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடு. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் சுவருக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் பின்பக்கமாக நிறுத்து. இன்ஜின் ஓடட்டும், ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் அல்லாமல் அணைந்த நிலையில் இருக்கட்டும். ரியர் வியூ மிரரில் பார்: சுவர் இருட்டாகவே இருக்கும். ஹெட்லைட்டைப் போடு, இரண்டு பக்கமும் சிவப்பு படரும். பிரேக்கை மிதி, அந்தச் சிவப்பு பல மடங்கு கூடும், நடுவிலும் மேலே ஒன்று சேரும். ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் பல்ப் போயிருக்கும், அல்லது ஹோல்டரில் துரு பிடித்திருக்கும். உடனே மாற்றச் சொல்.

பனியில் பிரைட் போடவே கூடாது. நீர்த்துளிகளில் பட்டு அந்த வெளிச்சம் உன் கண்ணுக்கே திரும்பும், எதிரே வெள்ளைச் சுவர் எழுந்துவிடும். டிம்மில் ஒளி கீழ்நோக்கிப் போவதால் இந்தத் தொல்லை குறைவு. டிக்கியில் பெட்டிகள் ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கும், டிம்மும் மேலே ஏறிவிடும். ஹெட்லைட் ஒளியைத் தாழ்த்த டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை (சில கார்களில் 5 வரை) எண் போட்ட சக்கரம் இருந்தால், பின்சீட்டும் டிக்கியும் நிறைந்த அன்று 2-க்கோ 3-க்கோ திருப்பு. பெட்டியை இறக்கிய பிறகு 0-க்குக் கொண்டுவா.

முன் ஃபாக் லைட் பம்பரில் தாழ்வாக இருப்பது காரணத்தோடுதான். அதன் ஒளி அகலமாக, தட்டையாகப் பரவி ஓரத்து வெள்ளைக் கோட்டைக் காட்டும். தூரம் காட்டாது, அதை நம்பி வேகம் கூட்டாதே. பின் ஃபாக் லைட் உன் காரில் இருந்தால், டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் குறி வரும். முன்னதற்குப் பச்சை. பழைய பல்ப் வகையில் டெயில் லைட் 5 வாட், பின் ஃபாக் லைட் 21 வாட், அதாவது பிரேக் லைட்டுக்குச் சமம். 100 மீட்டருக்கும் குறைவாகத் தெரியும்போது போடு. பின்னால் வருபவரின் ஹெட்லைட் உனக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்கியதும் அணைத்துவிடு. இல்லையென்றால் அவர் கண் கூசும், நீ பிரேக் போடுவதும் அவருக்குத் தெரியாமல் போகும்.

அங்கே பலர் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். நீ செய்யாதே. லேன் மாறுவதைக் காட்ட வழியிருக்காது. வண்டி நிற்கிறதா, போகிறதா என்று பின்னால் வருபவர் குழம்புவார். அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. முன்னால் திடீரென எல்லாம் நின்றால் சில விநாடி போட்டு எச்சரிக்கலாம், அவ்வளவுதான்.

எந்த விளக்கும் வேகத்துக்கு ஈடாகாது. 60-ல் போனால் ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். பார்த்து பிரேக் மிதிக்கவே ஒன்றரை விநாடி, அதற்குள் 25 மீட்டர் போய்விடும். நிற்க இன்னொரு 25. 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 40-க்கு மேல் போகாதே. அந்தச் சாலையில் குளிர்காலத்தில் வழக்கமாகக் காருக்கான வரம்பை 100-லிருந்து 75-ஆகக் குறைப்பார்கள். அடர்பனியில் அந்த 75-ம் மிக அதிகம். ஆக்ரா ஊருக்குள்ளும் கிராமச் சாலைகளிலும் சுமை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் டெயில் லைட்டும் ரிஃப்ளெக்டரும் இல்லாமல் வரும். சிவப்பு தெரியாததால் சாலை காலி என்று எண்ணாதே.

முன்கண்ணாடியின் உட்பக்கம் ஈரம் படர்ந்து மங்கினால் கையால் துடைக்காதே. ஏ.சி.யைப் போட்டு, சூடான காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வை.

ஒன்றுமே தெரியவில்லையென்றால் லேனில் நிற்காதே, ஓரத்திலும் நிற்காதே. டோல்கேட், பெட்ரோல் பங்க் அல்லது சாப்பாட்டுக்கடை வளாகம் வரை மெல்லப் போய் உள்ளே நிறுத்து. வண்டி வழியிலேயே நின்றுவிட்டால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, இருவரும் இடப்பக்கமாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நில்லுங்கள். முக்கோணம் வைக்கிறேன் என்று பனிக்குள் சாலையில் நடக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

விடிகாலை 5 மணிக்குக் கிளம்புவதாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். 10 மணிக்கு மேல் கிளம்பினால் ஆக்ராவில் மதியச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை. திரும்பும் அன்று இருட்டுவதற்குள் நொய்டாவைத் தாண்டிவிடுங்கள்.

அன்புடன்,
அப்பா