முள்ளோடையில் ஒரு ராத்திரி வண்டி நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் – புதுச்சேரி தடத்தில் இருபத்தேழு வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். பேப்பருக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வருடம் ஜூன் மாதம், ஸ்காட்லாந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் மகள் வீட்டுக்குப் போய் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தேன். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லி, நம் தடத்தில் புதுச்சேரி எல்லை முடிகிற முள்ளோடையில் ராத்திரி பஸ் நிற்கச் செய்யுங்கள் என்று தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டு அரசுகளிடமும் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மகள் இருப்பது டண்டியில். அங்கிருந்து டே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அரை மணி நேரம் போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ் வரும். கோல்ஃப் விளையாட்டுக்குத் தாய்வீடு அந்த ஊர். பணக்காரர் விளையாடும் இடம், வேலி போட்டிருப்பார்கள், வாட்ச்மேன் விரட்டுவார் என்றுதான் நினைத்துப் போனேன். ஆனால் அங்குள்ள பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. நிலம் ஊருக்குப் பொது. அன்றைக்கு ஜனங்கள் அதில் காலாற நடக்கிறார்கள். வயசானவர்கள், பிள்ளை வண்டி தள்ளும் பெண்கள், நாயைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். நம் தேவனாம்பட்டினம் கடற்கரையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. என் ஆறு வயதுப் பேத்தி ஒரு சின்னக் கல்பாலத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, "தாத்தா, இது ஆடு போறதுக்காகக் கட்டினதாம்" என்றாள். பெண்ணையாற்றுப் பாலத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை போய் வந்தவன் நான். அந்தப் பாலத்தை நாலு எட்டில் தாண்டிவிட்டேன்.

நடந்த களைப்பில் பசி எடுத்துவிட்டது. மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "மாமா, பக்கத்துல ஒரு இடம் இருக்கு. பீர் காய்ச்சுற இடம். ஆனா சாப்பாடு நல்லா இருக்கும், குழந்தைங்களோட எல்லாரும் வருவாங்க." கொஞ்ச தூரம் தள்ளி, ஆட்டம் நடந்துகொண்டிருந்த வேறொரு கோல்ஃப் மைதானத்தை ஒட்டி இருந்தது அது. பழைய மாட்டுக்கொட்டகையைத் திருத்திக் கட்டிய கல் கட்டடம். மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு மதுக்கடைக்குள் நுழைவதா என்று என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. பேத்திதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே போனதும் என் கண் நேரே கல்லாவுக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனது. சாப்பாட்டு விலைப் பலகைக்குச் சமமாக அங்கே பஸ் டைம் டேபிளை லேமினேட் செய்து ஒட்டியிருந்தார்கள். கடைசி இரண்டு பஸ்ஸுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. தொழில் பழக்கம், நான் அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். உணவகத்தில் பஸ் நேரம் ஒட்டி அதுவரை நான் பார்த்ததே இல்லை.

பத்துப் பன்னிரண்டு மேஜைதான். ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப்புறம் ஆள் உயரத்துக்கு மேல் எவர்சில்வர் தொட்டிகள். பேத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, அங்கே வேலை செய்தவர் ஒரு பிடி முளைப் பார்லியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். நானும் நாலு மணி வாயில் போட்டு மென்றேன். முளைகட்டி வறுத்த கேழ்வரகின் இனிப்பு அப்படியே இருந்தது. என் அம்மா கேழ்வரகை ஊற வைத்து, துணியில் முடிந்து முளை விட்டதும் நிழலில் உலர்த்தி வறுத்து மாவாக்குவார்கள். பீருக்கும் தொடக்கம் அதுதானாம். பார்லியை ஊற வைத்து, முளை கிளம்பியதும் சூட்டில் உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் போட்டால் இனிப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் போட்டு நுரைக்க விடுகிறார்கள். மிஞ்சுகிற சக்கை நீல டிரம்களில் பின்பக்கம் நின்றது. பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து மாட்டுக்கு எடுத்துப் போவாராம். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் அரிசி கழுவின தண்ணீரை ஆளுக்கு ஒரு பானை சேர்த்து மாட்டுக்காரர் வீட்டுக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டு வருவோம். அதை மகளிடம் சொன்னேன்.

உட்கார்ந்த உடனே, நாங்கள் கேட்பதற்கு முன்பே, ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் வந்துவிட்டது. மது விற்கும் இடத்தில் கேட்டவருக்குக் குடிதண்ணீரை இலவசமாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அங்கே உரிமத்தின் நிபந்தனையாம். அப்புறம் ஒரு சின்னப் பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் அவளே, "உங்களில் வண்டி ஓட்டுவது யார்?" என்றாள். மாப்பிள்ளை கையைத் தூக்கினார். அவருக்கு ஆப்பிள் ஜூஸ். எனக்கு ஒரு சின்ன கிளாஸில் ருசி பார்க்கக் கொஞ்சம் வந்தது. மகள் எதிரில் உட்கார்ந்திருக்க அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. "குடிங்கப்பா, இங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்று அவளே சொன்ன பிறகு மூன்று வாய் குடித்தேன். கசப்பும் இனிப்புமாக இருந்தது. மீன் வறுவல் நன்றாக இருந்தது. ஹாடக் என்ற மீன், முள் எடுத்து மாவில் தோய்த்துப் பொரித்தது. கூட ஒரு குவியல் உருளைக்கிழங்கு. கடலூர்க்காரனான நான் மீனைப் பற்றிச் சும்மா புகழ்ந்துவிட மாட்டேன்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். பக்கத்து மேஜையில் ஒரு வயசான தம்பதி. எழுபதைத் தாண்டியிருப்பார்கள். விளையாடி முடித்து, கோல்ஃப் மட்டைப் பையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடித்திருந்தார்கள். பேசிக்கொண்டே நேரம் போனது அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தச் சின்னப் பெண் தட்டை எடுக்க வந்தவள் குனிந்து, "உங்கள் பஸ்ஸுக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு பேரும் அவசரமில்லாமல் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரிலேயே நிறுத்தம். பஸ் வந்தது. ஓட்டுநர் வண்டியை நடைமேடையோடு ஒட்டி அணைத்து நிறுத்தினார். அந்தப் பெரியவர் ஏறும்போது லேசாகத் தடுமாறினார். ஓட்டுநர் அவர் உட்காரும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வண்டியை எடுத்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். "என்னப்பா?" என்று மகள் கேட்டாள். அங்கே சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

பதினைந்து வருடத்துக்கு முந்திய ஒரு மார்கழி ராத்திரி. புதுச்சேரியிலிருந்து கடலூருக்குக் கடைசி டிரிப். முள்ளோடை இந்தத் தடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். புதுச்சேரி எல்லை அங்கே முடிகிறது. புதுச்சேரியில் மது விலை குறைவு என்பதால் கடலூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் அங்கேதான் வருவார்கள். அங்கே பார் என்பது ஒரு தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் டம்ளர், விலைக்குத் தண்ணீர் பாக்கெட், ஒரு மாங்காய்த் துண்டு. நின்றபடியே ஒரு குவாட்டரை முடித்துவிட்டு வெளியே வருவார்கள். அன்றைக்கு ஒருவர் கை காட்டினார். முப்பது வயது இருக்கும். கால் நிலைகொள்ளவில்லை. வண்டியில் பெண்கள் இருந்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் இதே மாதிரி ஒருவர் வாந்தி எடுத்து, நானும் கண்டக்டரும் நடுராத்திரியில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தோம். கண்டக்டர் படியிலிருந்தே, "அண்ணே, ஏத்த வேணாம், போலாம்" என்றார். நான் கியரைப் போட்டேன். அவர் கதவைத் தட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடி வந்தது கண்ணாடியில் தெரிந்தது.

மறுநாள் விடியற்காலை முதல் டிரிப் எடுத்துப் போகும்போது, ரெட்டிச்சாவடி தாண்டி ஒரு புளியமரத்தடியில் பைக் ஒன்று நசுங்கிக் கிடந்தது. ஆளை ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார்கள். ராத்திரி கை காட்டியவரேதான் என்று பிறகு தெரிந்தது. பஸ் கிடைக்காமல் யாரிடமோ இரவல் வாங்கிய வண்டி. உயிர் பிழைத்தார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிற்பாடு இரண்டு தடவை அவரைக் கடலூரில் பார்த்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு தடவை பேச்சுவாக்கில், "அன்னைக்கு ஒரு பஸ்காரன் ஏத்தியிருந்தா இந்தக் கால் இருந்திருக்கும்" என்றார். அந்த பஸ்காரன் நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டிலும் சொன்னதில்லை.

சட்டம் போதாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓட்டுநர் என்ற முறையில் எனக்கு அது மனப்பாடம். நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவையே ஆறு மாதம்வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் வரைக்கும் 80 மில்லிகிராம் வரை விட்டிருந்தார்கள், இப்போது 50. ஆக, நம் சட்டம்தான் கடுமை. விலை வித்தியாசமும் நமக்கு மட்டும் உள்ளதில்லை. ஸ்காட்லாந்தில் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை என்ற சட்டம் 2018-லேயே அமலுக்கு வந்துவிட்டது, எல்லைக்கு அந்தப்பக்கம் இங்கிலாந்தில் அது இல்லை. அங்கே இருப்பதும் முள்ளோடையில் இல்லாததும் குடித்தவர் வீடு போய்ச் சேர ஒரு வண்டி. கடலூர் நுழைவில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் போலீஸ் வாயை ஊதச் சொல்லிப் பிடிப்பது சரிதான், பிடிக்கட்டும். ஆனால் முள்ளோடையிலிருந்து ஆல்பேட்டை வரைக்கும் உள்ள இருட்டை அவர் எப்படித் தாண்டுவது?

நான் கேட்பது இதுதான். ராத்திரி அந்தச் சாலையில் சென்னையிலிருந்து சிதம்பரம், நாகப்பட்டினம் போகும் வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. என் காலத்தில் அவை முள்ளோடையில் நிற்காது. நிற்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு கொடுங்கள். அது முடியாது என்றால், கடை மூடுகிற நேரத்துக்குப் பிறகு கன்னியக்கோயில், முள்ளோடை வழியாகக் கடலூர் பஸ் நிலையத்துக்கு ஒரே ஒரு டவுன் பஸ் விடுங்கள். கண்டக்டருக்குத் துணையாக ஊர்க்காவல் படை ஆள் ஒருவர், ஒரு வாளி மணல், கொஞ்சம் பாலித்தீன் பை, இவ்வளவு இருந்தால் சமாளிக்கலாம். எங்கள் ஆட்கள் அருவருப்புக்குப் பயந்து ஏற்ற மறுக்கவில்லை. நாளைக்குப் புகார் வந்தால் பதில் சொல்லப்போவது தான் மட்டுமே என்பதால்தான் மறுக்கிறார்கள். அப்புறம், ஒவ்வொரு பாரிலும் பஸ் நேரத்தை ஒட்டச் சொல்லுங்கள், கேட்டவருக்குக் காசில்லாமல் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். உரிமம் கொடுக்கும்போது போடுகிற நிபந்தனைகளோடு இதையும் சேர்த்தால் போதும்.

குடிகாரனுக்குப் பஸ் விடுவதா என்று கோபப்படுவோர் இருப்பார்கள். கோபம் நியாயமானது, என் மனைவியும் அதையே சொன்னாள். ஆனால் அந்தச் சாலையில் ராத்திரி நேரத்தில் போவது குடித்தவர்கள் மட்டுமா? கிருமாம்பாக்கம் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளில் ஷிஃப்ட் முடித்துப் போகும் பெண்கள், ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டுச் சைக்கிளில் திரும்புகிறவர்கள், மீன் ஏலத்துக்கு விடியலுக்கு முன்பே கிளம்புகிறவர்கள் எல்லாரும் அதே தாரில்தான் போகிறார்கள். தள்ளாடி ஓட்டும் பைக் புளியமரத்தில் மோதுவதற்கு முன்னால் இவர்களில் யார் மேலும் மோதலாம். அந்த பைக்கைச் சாலையிலிருந்து எடுக்கத்தான் பஸ் கேட்கிறேன்.

வண்டி விட முடிவு செய்தால், முதல் ஒரு மாதம் தினமும் ராத்திரி நானே முள்ளோடை நிறுத்தத்தில் வந்து நிற்கிறேன். சம்பளம் வேண்டாம். படியில் கால் தடுமாறுகிறவரைக் கைபிடித்து ஏற்றி, கம்பியோரம் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் விசில் கொடுக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.