மஞ்சள் ஒயர் எது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்

கார் ஸ்டீரியோ நேவிகேஷன் யூனிட் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். பெட்டிக்குள் ஒயரிங் படம் வைப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும், அடைத்தவர்கள் நீங்கள்தானே. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு உங்கள் யூனிட்டை நானே மாட்டினேன். பாட்டு வந்தது, மேப் வந்தது, எனக்கும் கொஞ்சம் பெருமை வந்தது. மறுநாள் காலை சாவியைப் போட்டால் கடிகாரத்தில் 00:00. சேமித்த ரேடியோ நிலையங்கள் இல்லை, வீட்டு முகவரி இல்லை, மொழிகூட மாறிக் கிடந்தது. சரி, எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். மாலையில் மறுபடியும் 00:00. வண்டியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகப் பிறந்தது. நான் ஒவ்வொரு முறையும் அதற்கு என் வீட்டு வழியைச் சொல்லிக் கொடுத்தேன்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். "தகுதியுள்ள டெக்னீஷியனிடம் காட்டுங்கள்" என்றார்கள். தெரிந்தவர் ஒருவர், மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து, சாவி இல்லாமலும் கரண்ட் வரும் ஒயரோடு முறுக்கிவிடு என்றார். முறுக்கினேன். நினைவு நின்றது. யூனிட் தூங்கவே இல்லை, 2 நாளில் பேட்டரி படுத்துவிட்டது.

அப்புறம்தான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும், கடிகாரமும் நினைவும் அதை நம்பித்தான் இருக்கின்றன. சிவப்பில் சாவி போட்டால் மட்டும் வர வேண்டும். என் காரில் ஸ்டீரியோ ஒயர்களைச் செருகும் பொதுத்தர ஐஎஸ்ஓ சாக்கெட்டில், எப்போதும் கரண்ட் வர வேண்டிய 4ஆம் பின்னும் (முள்) சாவி போட்டால் வர வேண்டிய 7ஆம் பின்னும் இடம் மாறியிருந்தன. சில கார்களில் இப்படி வரும் என்பது உங்களுக்குப் புதுச் செய்தி அல்ல. இரண்டையும் மாற்றிப் போட 5 நிமிடம்கூட ஆகவில்லை. அந்த 5 நிமிடத்துக்காக ஒரு வாரம் டேஷ்போர்டைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கேட்பது ஒரு தாள். எந்த நிறம் எதற்கு, எந்தெந்த பின் மாறி வரலாம், அவ்வளவுதான்.

இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வண்டி ஓட்டும்போது வீடியோ பார்க்காதே என்பதைப் பல மொழிகளில் அச்சிட இடம் இருந்திருக்கிறது. ஜிபிஎஸ் ஆன்டெனாவை உலோகத் தகட்டுக்கு அடியில் வைக்காதே என்று ஒரு வரிக்கு இடமில்லை. சாட்டிலைட் கிடைக்காதவர் வாங்கிய சாமானைத் திட்டிக்கொண்டே திரியட்டும் என்பதுதான் எண்ணமோ என்னவோ. அப்டேட் பற்றிப் பேசவே வேண்டாம். 2019 ஏப்ரலில் ஜிபிஎஸ் சாட்டிலைட்கள் தேதிக் கணக்குக்காக அனுப்பும் வார எண் 1024 வாரம் முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்பியபோது, அப்டேட் கிடைக்காத பழைய யூனிட்கள் சில தேதியில் ஏறக்குறைய 20 ஆண்டு பின்னால் போய்விட்டன. அவற்றை விற்றவர்கள் மட்டும் முன்னேறிப் புது மாடலுக்குப் போய்விட்டார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அந்தத் தாளை வையுங்கள். முழுப் படம் முடியாது என்றால் மஞ்சள், சிவப்பு இரண்டை மட்டுமாவது எழுதுங்கள். பதில் எழுதினால், டெக்னீஷியன் என்ற சொல் இல்லாமல் எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்