நாய் சொன்ன பயன்

அன்பின் மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். கிணறு இந்த வருசம் வற்றவில்லை, அதுவே பெரிய விசயம்.

உன் மகள் வந்து நின்ற நாலு நாளும் என் பேரனுக்குக் கொண்டாட்டம்தான். தான் சின்ன வயதில் வெளிநாட்டில் பார்த்த 'விஷ்போன்' தொடரை ஃபோனில் போட்டுக் காட்டினாள். ஒரு குட்டி நாய். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதும் சிக்கல் வந்தால் அதற்கு ஒரு பழைய கதை ஞாபகம் வரும். உடனே உடுப்பு மாட்டிக்கொண்டு கதைக்குள் போய்விடும். ஷேக்ஸ்பியரின் ரோமியோவும் அதுதான், கிரேக்கக் கவி ஹோமரின் வீரன் ஒடிசியஸும் அதுதான். சுற்றி நிற்கிற மனிதர் ஒருவருக்கும் அது நாயாகவே தெரியாது! பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு எரிச்சல். அரை மணித்தியாலத்தில் ஹோமரா?

பிறகுதான் நம் கோயில் புராணப் படிப்பு நினைவுக்கு வந்தது. ஒருவர் கந்தபுராணப் பாட்டை இழுத்துப் படிப்பார், மற்றவர் பயன், அதாவது அதன் பொருள், சொல்லுவார். பாட்டு நமக்கு எங்கே விளங்கியது? சூரபன்மன் மாமரமாக நின்றதைப் பயன்காரர் கையை விரித்துச் சொன்னபோதுதானே நீ வாய் பிளந்தாய். நான் பாட்டைத் தேடிப்போனது இருபது வயதுக்குப் பிறகு. நீ போகவே இல்லை, அது வேறு கதை. அந்த நாயும் ஒரு பயன்காரர்தான் மச்சான். ஆனால் கோயிலில் பாட்டும் கூடவே காதில் விழுந்தது. ரீவியில் பயன் மட்டும்தான். பாட்டை வீட்டில் யாராவது எடுத்துக் கொடுக்கவேண்டும்.

அந்தத் தொடர் தொடங்கியது 1995 ஒக்டோபரில். அந்த மாதக் கடைசியில்தான் நாங்கள் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு இடம்பெயர்ந்தோம். நீ அதற்கு முதலே போய்விட்டாய். ரீவியை விடு, கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். என் மகனுக்குக் கதையெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் அம்மா சொன்னதுதான்.

போருக்குப் போய் 20 வருசம் கழித்து, வேசம் மாறி வீடு வந்த ஒடிசியஸை முதலில் அடையாளம் கண்டது அவனுடைய கிழட்டு நாய் என்று பேரனுக்குச் சொன்னேன்.

"பிறகு அந்த நாய்க்கு என்ன நடந்தது, அப்பப்பா?"

புத்தகத்தில் இருக்கு என்று சொல்லித் தப்பிவிட்டேன். சனிக்கிழமை பொதுநூலகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி நிற்கிறான். அங்கே தமிழில் கிடைக்காவிட்டால் உன்னிடம்தான் கேட்பேன், அடுத்த முறை வரும்போது கொண்டுவா.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி